வாசலில் ஐந்து சொட்டு

முப்பத்தொன்றாம் எண் பேருந்தின் எஞ்சினிலிருந்து ஒழுகிய எண்ணெய், ஊரெல்லாம் சுற்றி வந்தும் வேறெங்கும் ஒரு சொட்டு விழாமல், நீல கேட் போட்ட ஒரே ஒரு வீட்டின் வாசலில் மட்டும் விழுந்தது. காலை எட்டு பத்துக்கு ஐந்து சொட்டு, மாலை ஐந்தரைக்கு ஐந்து சொட்டு. அது பேருந்து நிற்கிற இடமும் இல்லை. ஓடுகிற வண்டியிலிருந்து விழுகிற எண்ணெய் கோடாகத்தான் சிதறும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆனால் இங்கே ஐந்தும் ஒன்றின் மேல் ஒன்றாக, கரண்டியால் அளந்து விட்டது போல, ஒரே இடத்தில் விழுந்து கோட்டுப் பொத்தான் அகலத்துக்கு வட்டமாக நின்றன. இதை முதலில் கவனித்தவர் அந்த வீட்டு மாடியில் குடியிருந்த தையல்காரம்மா. அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே இறங்கிப் போய், கேட்டிலிருந்து சொட்டு விழும் இடம்வரை அளந்து பார்த்தார். முப்பத்தெட்டு அங்குலம். மறுநாளும் முப்பத்தெட்டு. ஒரு மாதம் விடாமல் அளந்த பிறகு பேருந்துப் பணிமனைக்கு ஒரு புகார் எழுதிப் போட்டார். புகாரில் ஆச்சரியப்பட்டு எதுவும் எழுதவில்லை. தைக்கக் கொடுக்க வருகிறவர்களின் செருப்பில் எண்ணெய் ஒட்டிக்கொண்டு மாடிப்படியெல்லாம் கறையாகிறது, ஆவன செய்யவும் என்று மட்டும் இருந்தது.

பணிமனையில் பெரிய வேலைகளுக்கு ஆட்கள் பலர் இருந்தார்கள். ஒழுகல் என்றால் ஒருவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்குச் சொட்டு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்க வேண்டும், அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்த்திருக்க மாட்டார். கேஸ்கெட் வெட்டுவது, சீல் மாற்றுவது, செம்பு வாஷரைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மிருதுவாக்குவது, இவைதான் அவர் வேலை. பணிமனைக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். மனைவி இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. ஒரு நாளைக்கு அவர் பேசுவது நாற்பது வார்த்தை இருக்கும், அதிலும் பாதி ஸ்பேனர் அளவுகள். விடுமுறை நாட்களில் அதுவும் கிடையாது. சில திங்கட்கிழமைகளில் முதல் வார்த்தை தொண்டையிலிருந்து வெளியே வருவதற்கு இரண்டு முறை இரும வேண்டியிருக்கும்.

தையல்காரம்மாவின் புகாரை ஃபோர்மேன் அவரிடம் நீட்டினார். சொட்டு முகவரியைப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்றே வண்டியைப் பழுதுபார்க்கும் பள்ளத்தின் மேல் நிறுத்தி வேலையைத் தொடங்கினார். பழைய எஞ்சினில் எண்ணெய் சொட்டுகிற இடம் ஒன்று, கசிகிற இடம் இன்னொன்றாக இருக்கும். மேலே கசிந்தது வழிந்து, காற்றில் பின்னால் தள்ளப்பட்டு, சம்பந்தமில்லாத ஒரு போல்ட்டின் நுனியில் வந்து தொங்கும். அதனால் முதலில் முழு எஞ்சினையும் டீசலும் பிரஷ்ஷுமாகத் தேய்த்து, கல்யாணத்துக்குப் போகிற ஆள் மாதிரி சுத்தமாக்கினார். பிறகு முகப்பவுடரை மேலெல்லாம் தூவி, எஞ்சினை ஓடவிட்டு, டார்ச் அடித்து, பவுடர் எங்கே நனைகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எஞ்சின் உச்சியில் இருக்கும் டாப்பெட் மூடியின் கார்க் பேக்கிங் காய்ந்து போயிருந்தது. யாரோ ஒழுகாமல் இருக்கட்டும் என்று வெறியோடு இறுக்கியதில் மூடியே வளைந்திருந்தது. அதைத் தட்டி நேராக்கிப் புது கார்க் வெட்டிப் போட்டார். எண்ணெய்த் தொட்டியின் அடியில் இருந்த பிளக்குக்குச் செம்பு வாஷர் மாற்றினார். நாலு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் வண்டிக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து, காலையிலிருந்து மாலைவரை எஞ்சினை நிறுத்தாமல் ஓட்டினார்கள். தாளில் ஒரு புள்ளி இல்லை. ஃபோர்மேன் அந்தத் தாளையே எடுத்து அதில் விடுமுறை விண்ணப்பம் எழுதினார். மறுநாள் காலை எட்டு பத்துக்கு நீல கேட் வாசலில் ஐந்து சொட்டு விழுந்தது.

இரண்டாம் முறை எஞ்சினையே இறக்கினார்கள். முன் சீல், பின் சீல், வடிகட்டியின் ரப்பர் வளையம் என்று மாற்றக்கூடிய எல்லாவற்றையும் சொட்டு மாற்றினார். எஞ்சின் மூச்சு விடுகிற குழாய் கரி பிடித்து அடைத்திருந்தது. அதையும் குத்திச் சுத்தம் செய்தார். உள்ளே அழுத்தம் சேர்ந்தால் எண்ணெய் எங்காவது வழி தேடத்தான் செய்யும். அதன் பிறகும் வாசலில் ஐந்து சொட்டு விழுந்தது. மூன்றாம் முறை ஃபோர்மேன் பொறுமை இழந்து, எஞ்சினில் இருந்த எண்ணெய் முழுவதையும் வடித்துவிட்டு, காய்ந்த வண்டியை இன்னொரு வண்டியில் சங்கிலி கட்டி அந்தத் தெரு வழியாக இழுத்துப் போகச் சொன்னார். எட்டு பத்துக்கு அது நீல கேட்டைத் தாண்டியது. ஐந்து சொட்டு. ஃபோர்மேன் குந்தி உட்கார்ந்து விரலால் தொட்டுப் பார்த்தார். நல்ல எண்ணெய், வெதுவெதுப்பாக இருந்தது.

"இது யார் வீடு?" என்று கேட்டார்.

"எங்க மச்சான் வீடு," என்றார் சொட்டு. புகார்க் கடிதத்தைப் பார்த்த நாளிலேயே அவருக்கு அது தெரியும்.

அந்த மச்சான் முப்பத்தொன்றாம் வண்டியைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர். அப்போது அது புது வண்டி, வெளியூர் போகும். அவரும் சொட்டும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், வாடா போடா என்று பழகியவர்கள். டிரைவருக்குத் தாய் தகப்பன் இல்லை. தங்கையை அவர்தான் வளர்த்தார், அதிலேயே தன் கல்யாணத்தை மறந்துபோனார். தங்கையைச் சொட்டுக்குக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே "டேய்" போய் "மாப்பிள்ளை" வந்தது, "நீ" போய் "நீங்க" வந்தது. இரண்டு பேருக்கும் அது கொஞ்ச நாள் வாயில் சிக்கியது, பிறகு பழகிவிட்டது. தங்கைக்கு ஒன்பதாம் வருடம் உடம்புக்கு வந்து, மருத்துவமனையில் சேர்த்து, தேறிவருகிறாள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் அவள் போய்விட்டாள். டிரைவர் அன்று மத்தியான வண்டியை எடுத்துப் போனவர். தடத்தின் கடைசி ஊரில் இரவு தங்கி மறுநாள் சாயங்காலம்தான் திரும்பினார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வீட்டு வாசலில் வரிசையாகக் கிடந்த செருப்புகளைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது.

"ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா, வண்டிய நடுரோட்டுல போட்டுட்டு ஓடி வந்திருப்பேனே மாப்பிள்ளை," என்றார்.

"ஆள் கிடைக்கல மச்சான்," என்றார் சொட்டு.

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. ஒரே பணிமனையில் பிறகு மூன்று வருடம் வேலை பார்த்தார்கள். வண்டியில் கோளாறு என்றால் டிரைவர் அதை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங்கில் செருகி வைப்பார். சொட்டு சரிசெய்துவிட்டு அதே சீட்டில் எழுதியதை அடித்து வைப்பார். பிறகு டிரைவருக்கு முழங்கால் போயிற்று, வேலையை விட்டார், நீல கேட் வீட்டின் கீழ்ப்பகுதியில் அடங்கினார். வண்டிக்கும் வயதாகி, அதை உள்ளூர்த் தடத்துக்குத் தள்ளினார்கள். அந்தத் தடம் அவர் வாசல் வழியாகப் போனது. ஒழுகல் அந்த வாரமே ஆரம்பித்திருக்கிறது. தையல்காரம்மா மாடிக்குக் குடிவந்தது பின்னால் என்பதால் அதுவரை யாரும் அளக்கவில்லை.

ஃபோர்மேன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் தகுதிச் சோதனை வருகிறது, அதிகாரி வண்டியிலேயே ஏறித் தடம் முழுக்க வருவார், ஒரு சொட்டைக் கண்டாலும் வண்டி உடைக்கிற இடத்துக்குப் போய்விடும் என்று மட்டும் சொன்னார். சொட்டு தலையாட்டினார். அவர் மறுபடியும் பேக்கிங் வெட்ட உட்கார்ந்திருப்பார். ஆனால் அந்த வாரம் தையல்காரம்மா நேரிலேயே பணிமனைக்கு வந்துவிட்டார்.

"ஒழுகறத நிறுத்தற ஆள் யாருங்க?" என்று கேட்டு, அவர் முன்னால் வந்து நின்றார். "புகார் கொடுத்தது தப்போன்னு இப்ப தோணுதுங்க. கீழ்வீட்டுக்காரர் தினம் ரெண்டு வேளையும் சுவத்தப் பிடிச்சுக்கிட்டே வாசலுக்கு வர்றாரு. குனிஞ்சு எண்ணெயத் தொட்டு மோந்து பாக்கறாரு. தொடைக்கவும் விடமாட்டேங்கறாரு. முந்தாநாள் அதுலயே கால வச்சு வழுக்கி விழுந்துட்டாரு. இடுப்புல அடி. தூக்கி உக்கார வச்சா, வண்டி லேட்டா வந்துச்சான்னு என்னைக் கேக்கறாரு."

"யாராவது கூட இருக்காங்களா?" என்றார் சொட்டு.

"யார் இருக்கா? நான்தான் ரெண்டு வேளை எட்டிப் பாக்கறேன். எனக்கும் துணி குவிஞ்சு கெடக்கு."

மறுநாள் சொட்டு விடுப்பு எடுத்தார். பதினோரு வருடத்தில் முதல் விடுப்பு. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் போனார். வெறுங்கையோடு போக அவருக்குத் தைரியம் வரவில்லை. நீல கேட்டின் முன் போய் நின்றபோது எட்டு அடித்து ஐந்து நிமிடம். கேட்டைத் தள்ளாமல் அங்கேயே நின்றார். முப்பத்தொன்று வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது, வந்தது, போனது. காலடியில் ஐந்து சொட்டு விழுந்தது. அவர் செய்த எந்த வேலையிலும் குறை இல்லை என்பது அவருக்குத் தெரியும். உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு? எண்ணெய மிதிச்சுடாதீங்க."

"நான்தான் மச்சான்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, சுவரில் கை உரசிவரும் சத்தம் கேட்டது. பிறகு தாழ்ப்பாள் கழன்றது. பழைய டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்; ஆள் பாதியாகியிருந்தார். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, தெருப் பக்கம் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு நேராக வைத்த தலையணை, அவ்வளவுதான் அந்த அறை. சொட்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வண்டிய ரெண்டு தடவ பிரிச்சுட்டேன் மச்சான். எஞ்சின்ல ஒழுகல் இல்ல," என்றார்.

"இருக்காது. நீங்க பாத்தா இருக்காது."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொல்வதற்கு அவர் மூன்று முறை இரும வேண்டியிருந்தது. அவள் போன அன்றைக்கு மத்தியானம் ஒன்றரை மணிக்கு மருத்துவமனையிலிருந்து பணிமனைக்கு வந்த போனை எடுத்தது அவர்தான். போனை வைத்துவிட்டு வெளியே வந்தபோது முப்பத்தொன்று புறப்படத் தயாராக நின்றது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும் என்று மச்சான் கத்தினார். அவர் குடத்தை எடுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றினார். மச்சான் அவர் தலைக்கு மேலே டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, தங்கச்சிக்கு வெளியூரிலிருந்து என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். குடம் காலியாகும்வரை ஊற்றினார். மூடியைத் திருகினார். வண்டியின் பக்கவாட்டில் தட்டினார். வண்டி போய்விட்டது.

"ஆள் கிடைக்கலன்னு சொன்னது பொய் மச்சான். நானே அங்க நின்னேன். வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லிட்டா நெசமாயிடும்னு இருந்துச்சு. அதோட, உங்களுக்காவது இன்னும் ஒரு நாள் அவ இருக்கட்டும்னு தோணுச்சு. ஒருத்தருக்காவது."

பழைய டிரைவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒரு சைக்கிள் போனது. மாடியில் தையல் மெஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது.

"டேய்," என்றார் கடைசியில். "நீ வழியனுப்பறப்ப எப்பவும் ரெண்டு தட்டு தட்டுவ. அன்னைக்கு ஒண்ணுதான் தட்டின. வெளி கேட்டுகிட்ட போய்க் கண்ணாடியில பார்த்தேன். வெறுங்குடத்த வச்சுக்கிட்டு நின்ன இடத்துலயே நிக்கற. என்னமோ சரியில்லன்னு எனக்குத் தெரிஞ்சுது. எறங்கிக் கேக்கலாம்னுதான் நினைச்சேன். ஏற்கனவே பத்து நிமிஷம் லேட்டு. ஏதாவது புருஷன் பொண்டாட்டி சண்டையா இருக்கும், வந்து பாத்துக்கலாம்னு கியரப் போட்டுட்டேன்." ஜன்னலிலிருந்து திரும்பினார். "இத்தன வருஷமும் உன்மேல மட்டுமா கோவமா இருந்தேன்னு நினைக்கற?"

சொட்டு பையைக் கீழே வைத்தார்.

"டீ போடத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"போடு. அவள மாதிரி சக்கரையக் கொட்டிடாத."

அன்று சாயங்காலம்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது, பேசியது கொஞ்சம்தான். ஐந்தரைக்கு முப்பத்தொன்று திரும்பி வந்தபோது இருவருமே பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்கள். ஐந்து சொட்டு விழுந்தது. சொட்டு அதை எதிர்பார்க்கவில்லை. இனி நின்றுவிடும் என்று மனதுக்குள் நினைத்திருந்தார், அதற்காகக் கொஞ்சம் வெட்கமும் பட்டார்.

சோதனை நாளன்று அதிகாரி வண்டியில் ஏறினார். மூக்குக்கண்ணாடி போட்ட, வேலையைத் தவிர வேறு பேச்சில்லாத மனிதர். எட்டு பத்துக்கு நீல கேட்டைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். சொட்டுகளைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினின் ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. ஃபோர்மேன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். அதிகாரி எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, படிவத்தில் எழுதினார்: எஞ்சினில் ஒழுகல் இல்லை, ஒழுகல் தெருவில் இருக்கிறது, வண்டி ஓடத் தகுதியானது. அந்த வரியை யாரும் கேள்வி கேட்கவில்லை. முப்பத்தொன்று அதற்குப் பிறகு ஏழு வருடம் ஓடியது.

சொட்டு ஒரு பழைய தகரத்தை வெட்டி, ஓரம் மடக்கி, சாலையோடு சமமாகப் படியும்படி ஒரு தட்டு செய்து வாசலில் பதித்தார். அதன் பிறகு யாரும் வழுக்கவில்லை. முதலில் வாரம் ஒருமுறை வந்தார், பிறகு தினமும், பிறகு தன் இரண்டு அறை வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கேயே வந்துவிட்டார். இரண்டு தனிக்கட்டைகள் ஒரே அறையில் இருந்தால் கலகலப்பாகிவிடும் என்று தையல்காரம்மா எதிர்பார்த்தார். அப்படி ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் கட்டிலில் கிடந்தார், ஒருவர் நாற்காலியில் இருந்தார், இருவருக்கும் இடையில் அவள் இல்லாதது ஒரு மூன்றாவது ஆள் போல இருந்தது. சில நாள் ஒரு முழு நாளும் பேச்சில்லாமல் போகும். ஆனாலும் சமையலறையில் பாத்திரம் விழுந்தால் "என்ன ஆச்சு?" என்று கேட்பதற்கு இன்னொருவர் இருந்தார்.

பழைய டிரைவர் நாலாம் வருடம் ஒரு காலையில், ஏழரை மணிக்கு, ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தபடியே இறந்தார். சொட்டு அவர் கண்ணை மூடிவிட்டு, முகத்தைத் துடைத்துவிட்டு, வாசலுக்குப் போய்த் தெரு நடுவில் நின்றார். எட்டு பத்துக்கு முப்பத்தொன்று வளைவில் திரும்பியது. அவர் இரண்டு கைகளையும் விரித்தார். வண்டி அவர் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. இப்போதைய டிரைவர் திட்ட வாயெடுத்தார். சொட்டு பக்கவாட்டுக்கு நடந்து போய், படியில் ஏறி, உள்ளே இருந்தவர்களைப் பார்த்து, பணிமனையில் யாரும் அவரிடமிருந்து கேட்டிராத குரலில் சொன்னார்:

"எங்க மச்சான் போயிட்டாரு. இந்த வண்டிய ஓட்டினவரு. இப்பத்தான், ஏழரைக்கு."

யாருக்கும் அவரைத் தெரியாது, மச்சானையும் தெரியாது. அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். முன் இருக்கையில் இருந்த ஓர் அம்மா முதலில் எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக இறங்கினார்கள். நாற்பத்தொரு பேர் வரிசையில் நின்று, நீல கேட்டுக்குள் போய், முன்பின் தெரியாத ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டார்கள். எஞ்சின் அணைந்திருந்தது. சொட்டு கடைசி ஆள் ஏறும்வரை வாசலிலேயே நின்றார். இருபத்தாறு நிமிடத் தாமதம். அன்றைய பயணப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில் கண்டக்டர், தகவல் சொல்லப்பட்டது என்று எழுதினார்.

மூன்று வருடம் கழித்து முப்பத்தொன்றை உடைத்தார்கள். எஞ்சினைத் தனியாகக் கழற்றித் தொலைவிலிருந்து வந்த ஒரு படகுக்காரர் வாங்கிப் போனார். அது ஒரு சொட்டும் ஒழுகாமல் ஓடுகிறது என்று கேள்வி. அந்தத் தடத்தில் இப்போது சத்தமில்லாத புது வண்டிகள் போகின்றன, எட்டு பத்துக்கு ஒன்றும் வருவதில்லை, நேர அட்டவணையை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் எட்டு பத்துக்கு ஐந்து சொட்டும் ஐந்தரைக்கு ஐந்து சொட்டும் நீல கேட் வாசலில் விழுகின்றன, இடுப்பு உயரத்தில் காற்றிலிருந்து. அந்தத் தெருவில் நடக்கிறவர்கள், படுத்திருக்கும் நாயைச் சுற்றிப் போவது போல, பேச்சை நிறுத்தாமலேயே தகரத் தட்டைச் சுற்றிப் போகிறார்கள். சாலை போட வந்தவர்களும் அந்த இடத்தை விட்டுவிட்டுத் தார் ஊற்றினார்கள். வாரத்துக்கு ஒருமுறை சொட்டு தட்டைத் துடைக்கிறார். சேருகிற எண்ணெயில் தையல்காரம்மாவுக்கு மெஷினுக்கு வேண்டிய அளவு போக, மிச்சத்தை ஒரு போத்தலில் ஊற்றி வைக்கிறார். நல்ல எண்ணெய்தான். குளிர் நாட்களில் மட்டும் சற்றுக் கெட்டியாக விழுகிறது.